நிறையேற்றிய சராசரி: எக்செலா, மூடிலா, விலைக்கு வாங்கிய மென்பொருளா?

தரம் 10 மாணவி ஒருத்தி கணிதத்தில் ஒப்படைக்கு 20இல் 18, அலகுப் பரீட்சைக்கு 40இல் 32, தவணைப் பரீட்சைக்கு 100இல் 66 எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் சதவீதமாக்கி வெறுமனே சராசரி கண்டால் 78.7 வரும், அதற்குத் தரக்குறி ஏ. மூன்று புள்ளிகளையும் கூட்டி 160ஆல் வகுத்தால் 72.5 வரும், அது பி. எங்கள் பாடசாலை தீர்மானித்திருக்கும் 20, 20, 60 என்ற நிறைகளை, அதாவது மொத்தத்தில் ஒவ்வொன்றுக்கும் உரிய பங்குகளை, இட்டுக் கணித்தால் 73.6, இதுவும் பி தான், ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் 72.5க்கும் 73.6க்கும் இடையே ஓரிரு பிள்ளைகள் நிற்கக்கூடும் என்பதால் வகுப்பு நிலை மாறிவிடலாம். சதவீதமாக்க மறந்து, பெற்ற புள்ளிகளையே நிறைகளால் பெருக்கிவிட்டால் 49.6 என்று ஓர் எண் வரும். இந்தக் கடைசி எண்ணைக் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு தவணையில் ஒரு முழுப் பிரிவுக்கே இந்த வகைப் புள்ளிகள் அச்சாகி, பெற்றோர் சந்திப்புக்கு முதல் நாள் மாலையில்தான் அது கண்ணில் பட்டது.

வெள்ளவத்தைப் பக்கத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் இடைநிலைப் பிரிவின் புள்ளிப் பதிவுகளைக் கவனிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எக்செல் விரிதாள், மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளம், நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கிய பாடசாலை முகாமைத்துவ மென்பொருள் ஆகிய மூன்றிலும் தேர்ச்சி அறிக்கை தயாரித்திருக்கிறோம். கூகுள் கிளாஸ்ரூமைச் சில பாட ஆசிரியர்கள் தாமாகவே பயன்படுத்தினார்கள். நிறையேற்றிய சராசரியின் சூத்திரம் இந்த நான்கிலும் ஒன்றே: ஒவ்வொரு சதவீதத்தையும் அதன் நிறையால் பெருக்கிக் கூட்டி, நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுப்பது. ஆகவே எது சரியாகக் கணிக்கிறது என்று கேட்பதில் பயனில்லை. வெற்றுக் கலத்தை ஒவ்வொன்றும் எப்படிப் புரிந்துகொள்கிறது, போன தவணையின் விடையை இந்தத் தவணை மாற்றங்களிலிருந்து எப்படிக் காப்பாற்றுகிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் அவை ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன.

வெற்றுக் கலத்திலிருந்து தொடங்குகிறேன். மேலே சொன்ன மாணவி அலகுப் பரீட்சை நாளில் காய்ச்சலால் வரவில்லை என்று கொள்வோம். அந்தக் கலத்தைப் பூச்சியமாகக் கருதினால் அவளுடைய புள்ளி 57.6. அந்தப் பரீட்சையையே கணக்கிலிருந்து விலக்கி, எஞ்சிய 80 என்ற நிறையால் வகுத்தால் 72. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 14 புள்ளிகள் இருக்கின்றன. இதில் எது நியாயம் என்பது மருத்துவச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கும் வகுப்பாசிரியரும் அதிபரும் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் நடைமுறையில் அதைத் தீர்மானிப்பது மென்பொருளின் இயல்பிருப்பு அமைப்பு, அதாவது நாம் மாற்றாதவரை அதில் தானாகவே இருக்கும் அமைப்பு.

எக்செலில் பெரும்பாலானோர் கையாளும், பெருக்கிக் கூட்டித் தரும் சம்புரொடக்ட் என்ற சார்பு, வெற்றுக் கலத்தைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள்கிறது. வராதவர் என்பதைக் குறிக்க நாம் வழக்கமாக இடும் ஏபி என்ற எழுத்துகளையும், புள்ளிகளும் நிறைகளும் உள்ள இரண்டு கல வீச்சுகளையும் காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்திருந்தால், ஓசையின்றிப் பூச்சியமாக்கிவிடும். காற்புள்ளிக்குப் பதிலாகப் பெருக்கற்குறி இட்டு எழுதியிருந்தால் அதே ஏபி பிழைச் செய்தியைக் கொண்டுவரும். பிழைச் செய்தி வருவதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் அதை யாராவது பார்ப்பார்கள். இதற்கு மாறாக, அதே எக்செலின் அவரேஜ் என்ற சார்பு வெற்றுக் கலத்தையும் எழுத்தையும் விலக்கிவிட்டுச் சராசரி காண்கிறது. ஒரே கோப்பில் ஒரு நிரல் அவரேஜிலும் அடுத்த நிரல் சம்புரொடக்டிலும் இயங்கினால், ஒரே பிள்ளையின் வருகையின்மைக்கு இரண்டு நீதி வழங்கப்படுகிறது. இதைத் தவிர்க்க, எண் உள்ள கலங்களின் நிறைகளை மட்டும் கூட்டி அதை வகுக்கும் எண்ணாக அமைக்க வேண்டும். எண்ணா என்று சோதிக்கும் இஸ்நம்பர் சார்பைச் சேர்த்தால் அது இயலும். பூச்சியம் வழங்க வேண்டிய பிள்ளைக்கு ஆசிரியர் 0 என்று தம் கையால் தட்ட வேண்டும் என்ற விதியையும் அத்துடன் வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்கிறது.

மூடில் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. வெற்றுப் புள்ளிகளைத் தவிர்க்கும் தெரிவு அங்கே இயல்பாகவே செயலில் இருக்கும். அலகுப் பரீட்சைக்கு அது பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் நம் மாணவி தவணைப் பரீட்சைக்கே வரவில்லை என்றால், ஒப்படையின் 90உம் அலகுப் பரீட்சையின் 80உம் மட்டும் கணக்கில் நிற்க, அவளுடைய பாடப் புள்ளி 85 என்று வரும். பிரதான வினாத்தாளைத் தொடாத பிள்ளைக்கு ஏ. தெரிவை நிறுத்திவிட்டாலோ இன்னும் திருத்தி முடியாத வினாத்தாள்கள் எல்லாம் பூச்சியமாகி, தவணை நடுவில் மூடிலைத் திறந்து பார்க்கும் பிள்ளைகள் பதறுகிறார்கள். நாங்கள் கண்ட வழி, தவணை முடியும்வரை அதைச் செயலில் விட்டுவைத்து, அறிக்கை எடுப்பதற்கு முன் வெற்றுக் கலங்களைத் தேடி ஒவ்வொன்றையும் கையால் தீர்ப்பது. கிளாஸ்ரூமும் புள்ளி இடப்படாத வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூடிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதில் சராசரி காணும் முறைகளே ஒன்பது உள்ளன. இடையம், ஆகாரம் (அதிக தடவை வரும் புள்ளி), மிகக் குறைந்த புள்ளி என்று தேர்ச்சி அறிக்கைக்கு உதவாத பலவும் அவற்றுள் அடங்கும். நமக்கு வேண்டியது மூன்று. முதலாவது, 2014இல் வெளிவந்த 2.8 பதிப்பில் அறிமுகமான இயற்கை முறை. எதையும் மாற்றாமல் விட்டால் இது உச்சப் புள்ளிகளையே நிறையாகக் கொள்ளும்; நம் உதாரணத்தில் ஒப்படைக்கு 12.5, அலகுப் பரீட்சைக்கு 25, தவணைப் பரீட்சைக்கு 62.5 சதவீதம் என்று பிரித்து 72.5 என்ற விடையைத் தரும். நாமே நிறைகளைத் தட்டி மாற்றலாம், ஆனால் நாம் தொடாமல் விட்ட நிறைகளைப் புதிய உருப்படி ஒன்று சேரும்போது மூடில் தானே சரிக்கட்டிக்கொள்ளும். இரண்டாவது, எளிய நிறைச் சராசரி. உச்சப் புள்ளியே நிறை என்ற கொள்கை இங்கும் உண்டு, மாற்ற இடமில்லை. மூன்றாவது, நிறைச் சராசரி. இதில் 20, 20, 60 என்று நாம் இட்டது இட்டபடியே இருக்கும், உச்சப் புள்ளி 40 ஆனாலும் 100 ஆனாலும் மூடில் முதலில் அதைச் சமப்படுத்திவிடும், ஆகவே 49.6 என்ற விபத்து இங்கே நிகழவே முடியாது. எங்கள் தேவைக்கு இதுவே பொருந்தியது.

அதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டாவது அலகுப் பரீட்சை ஒன்றை ஆசிரியர் பின்னர் சேர்த்தால் அதன் நிறை 1 என்று தொடங்கும். 20, 20, 60 என்ற எண்களுக்குப் பக்கத்தில் 1 இருந்தால் அந்தப் பரீட்சை நடந்ததும் நடக்காததும் ஒன்றே. அலகுப் பரீட்சைகள் என்ற ஒரு வகையை முதலிலேயே உருவாக்கி, 20 என்ற நிறையை அந்த வகைக்குக் கொடுத்து, பரீட்சைகளை அதற்குள் வைத்தால் உள்ளே எத்தனை சேர்ந்தாலும் வெளியே 20 மாறாது. கிளாஸ்ரூமில் வகைகளுக்குத்தான் நிறை கொடுக்க முடியும், அந்த நிறைகளின் கூட்டுத்தொகை 100 ஆக இருந்தே தீர வேண்டும். இந்த ஒரு விடயத்தில் அதன் கண்டிப்பு ஆசிரியரைக் காக்கிறது. எக்செலிலோ 20, 20, 70 என்று தட்டினாலும் கேட்பாரில்லை. கூட்டுத்தொகை 100 இல்லையெனில் சிவப்பாக மாறும் ஒரு கலத்தை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மட்டந்தட்டல். ஒரு மாணவன் 20இல் 17, 40இல் 35, 100இல் 67 எடுத்தால் அவன் பெறுவது 74.7. தசமதானம் இல்லாமல் காட்டும்படி எக்செல் கலத்தை அமைத்திருந்தால் அறிக்கையில் 75 என்று அச்சாகும். ஆனால் கலத்தின் உள்ளே இருப்பது 74.7 என்பதால் தரக்குறியைத் தேடும் சார்பு பி என்றே எழுதும். க.பொ.த. சாதாரண தரத்தில் 75 ஏ என்பதை அறியாத பெற்றோர் கொழும்பில் இல்லை. "டீச்சர், 75க்கு எப்படி பி வரும்?" என்ற கேள்விக்குக் கலத்தின் உட்பெறுமானத்தை விளக்கிக்கொண்டிருப்பது யாருக்கும் அழகல்ல. ரவுண்ட் சார்பால் முதலில் மட்டந்தட்டி, அந்த விடையைக் கொண்டே தரக்குறியைத் தேட வேண்டும். மூடிலில் தரக்குறி எல்லைகளை நாமே எழுதலாம், எழுதத்தான் வேண்டும், ஏனெனில் அதன் இயல்பிருப்பில் ஏ என்பது 93இல் தொடங்குகிறது. அங்கே 75க்குப் பதிலாக 74.5 என்று இட்டால் காட்சியும் தரக்குறியும் ஒத்துப்போகும். 74.7ஐ 75 ஆக்கலாமா என்பதை ஆசிரியர் கூட்டத்தில் தவணை தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டும். ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் பெயர் மேசையில் கிடக்கும்போது அந்த முடிவை எடுக்க முயன்றால் சண்டையில்தான் முடியும்.

விலைக்கு வாங்கிய மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்களுக்கு வந்ததில் தமிழ் அறிக்கை அழகாக அச்சானது, ஒன்பது பாடங்களின் மொத்தமும் வகுப்பு நிலையும் ஒரே அழுத்தலில் கிடைத்தன. நிறைகளோ முழுப் பாடசாலைக்கும் ஒரே தொகுதியாக, நிறுவனத்தாரே மாற்றித் தரும்படி இருந்தன. மூன்றாம் தவணையில் நிறைகளை 15, 15, 70 என்று மாற்றித் தரும்படி கேட்டோம், மாற்றித் தந்தார்கள். சில வாரங்களின் பின் பாடசாலை மாறிச் செல்லவிருந்த ஒரு மாணவனுக்காக முதலாம் தவணை அறிக்கையின் பிரதியை எடுத்தபோது, பெற்றோரின் கையில் இருந்த மூலத்திலும் அந்தப் பிரதியிலும் வேறு வேறு புள்ளிகள் இருந்தன. மேற்சொன்ன மாணவியின் புள்ளிகளை எடுத்துக்கொண்டால் 73.6 என்றிருந்தது 71.7 ஆகியிருக்கும். மென்பொருள் விடைகளைச் சேமிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இன்றைய நிறைகளைக் கொண்டு புதிதாகக் கணித்துக்கொண்டிருந்தது. அதிபரின் கையொப்பமிட்ட ஆவணம் பின்னோக்கி மாறக்கூடும் என்று தெரிந்த பிறகு அதை நான் நம்பவில்லை. விலைக்கு வாங்குபவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் நிறையை மாற்றச் சொல்லிப் பழைய அறிக்கையை மீண்டும் அச்சிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். மூடிலிலும் இந்த ஆபத்து உண்டு, ஆனால் அங்கே புள்ளி உருப்படிகளைப் பூட்டும் வசதி இருக்கிறது. எக்செலில் பெறுமானங்களாக மட்டும் நகலெடுத்து வேறு தாளில் ஒட்டி, பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிட்டால் போதும்.

மூடிலின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. அதன் புள்ளிப் பதிவேடு ஒவ்வொரு பாடநெறிக்கும் தனியானது. கணிதத்துக்குள் அது மிகத் திறமையானது. ஒவ்வோர் உருப்படியும் மொத்தத்துக்கு எவ்வளவு பங்களித்தது என்பதைக்கூடப் பயனர் அறிக்கையில் நிரல்படுத்திக் காட்டும். ஆனால் எல்லாப் பாடங்களையும் கூட்டி, சராசரி கண்டு, வகுப்பு நிலை இடும் நம் ஊர் வழக்கத்துக்கு அது அமைக்கப்படவில்லை. கிளாஸ்ரூமும் அப்படியே. எந்த வழியில் போனாலும் கடைசியில் புள்ளிகளை ஏற்றுமதி செய்து விரிதாளுக்கே வர வேண்டியிருக்கிறது. அந்த வழியில் இன்னுமொரு முள்ளும் உண்டு: பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்ப் பட்டியலை மூடிலுக்குள் ஏற்றினால் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்; ஒருங்குறியில் தட்டியிருந்தாலும் எக்செலில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஆகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வகையைத் தெரிவு செய்யாவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாகும். 2022இல் 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்ட நாள்களில் கணினி ஆய்வுகூடத்துச் சேவையகம் படுத்துக் கிடந்தபோது, மடிக்கணினியில் இருந்த விரிதாள்தான் வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே எங்கள் அளவுள்ள பாடசாலைக்கு நான் பரிந்துரைப்பது எக்செலைத்தான், ஆனால் ஆளாளுக்கு ஒரு கோப்பு வைத்திருக்கும் எக்செலை அல்ல. நிறைகளும் உச்சப் புள்ளிகளும் முதல் தாளில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சூத்திரக் கலங்கள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியருக்குப் புள்ளி தட்டும் கலங்கள் மட்டுமே திறந்திருக்க வேண்டும். ஒப்படைகளையும் இணையவழிச் சிறு பரீட்சைகளையும் ஏற்கெனவே மூடிலில் நடத்தும் பாடசாலை, அவற்றின் புள்ளிகளை அங்கேயே நிறைச் சராசரியில் வகைப்படுத்தி, வகை மொத்தத்தை மட்டும் விரிதாளுக்குக் கொண்டுவரலாம். மூடிலை நாள்தோறும் பராமரிக்க ஓர் ஆள் இல்லாத பாடசாலை அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

எதைத் தெரிவு செய்தாலும், உண்மைப் பெயர்களை ஏற்றுவதற்கு முன் கற்பனைப் பிள்ளைகள் நால்வரை ஏற்றிப் பாருங்கள். முதலாமவளுக்கு 18, 32, 66 என்று தட்டினால் 73.6 வர வேண்டும். இரண்டாமவனுக்கு 17, 35, 67 என்று தட்டி, எண்ணும் தரக்குறியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூன்றாமவளின் அலகுப் பரீட்சைக் கலத்தை வெறுமையாக விட்டு, 57.6 வருகிறதா 72 வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காமவனின் தவணைப் பரீட்சைக் கலத்தை வெறுமையாக விடுங்கள். அவனுக்கு 85 வந்து பக்கத்தில் ஏ என்றும் விழுந்தால், அந்தக் கோப்பை இன்னும் ஆசிரியர்களிடம் கொடுக்க வேண்டாம்.