ஆயத்தப் பச்சைத் திரை வாங்குமுன் தொட்டி மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

எதிர்ப்புறச் சன்னல்களின் பார்வை மாடியில் விழாதிருக்க, விரைந்து வளரும் கொடிகளைத் தொட்டிகளில் நட்டு, மரச்சட்டத்தில் ஏற்றி, வளர்ந்த நிலையிலேயே கொண்டுவந்து நிறுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு தோட்ட அமைப்பாளரிடம் முழுத் தொகையையும் முன்னதாகவே கொடுத்தேன். இறக்கி வைத்த அன்று திரை அடர்த்தியாகவே இருந்தது. ஒரு மாதத்திற்குள் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. கேட்டபோது, "தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள்" என்றார். நீரைக் குறைத்ததும் தளிர்கள் துவண்டன. அப்போது, "தண்ணீர் போதவில்லை" என்றார். அதன் பிறகு தொலைபேசியை எடுப்பதும் குறைந்துவிட்டது.

காரணம் தெரிய வேண்டும் என்று ஒரு தொட்டியைக் கவிழ்த்தேன். 40 லிட்டர் கொள்ளும் என்று சொல்லி விற்கப்பட்ட தொட்டியில் மேலே ஒரு சாண் அளவுக்கு மட்டுமே மண் இருந்தது. அதன் கீழ் முழுவதும் உடைத்துப் போட்ட தெர்மாகோல் துண்டுகள். அதைவிட மோசமானது, நாற்றுகளை அவை வளர்ந்த பாலித்தீன் பையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே மண்ணில் புதைத்திருந்ததுதான். பைக்குள் வேர்கள் ஒன்றையொன்று சுற்றி இறுகியிருந்தன. பையைத் தாண்டி வெளியே ஒரு வேர்கூட வரவில்லை.

மாடியின் சுமையைக் குறைக்கவே தெர்மாகோல் போட்டதாக அவர் பின்னர் சொன்னார். ஈரத் தோட்டமண் நிரப்பிய 40 லிட்டர் தொட்டி 60 கிலோவைத் தாண்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் எடையைக் குறைக்க வேண்டுமானால் தேங்காய் நார்த்தூளும் மட்கிய உரமும் கலந்து மண்கலவையையே இலகுவாக்க வேண்டும். வேர் பரவும் இடத்தைத் திருடக் கூடாது. எந்தத் தொட்டியிலும் மண்ணின் அடிப்பகுதியில் ஓர் ஈரப்படலம் வடியாமல் தங்கும். மண்ணின் ஆழம் குறைந்தால் அந்த ஈரம் வேருக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. அதே சமயம், இலைகள் நிறைந்த கொடி வெயிலில் உறிஞ்சும் நீரைச் சேமித்து வைக்கப் போதிய மண்ணும் இல்லாமல் போகிறது. அடியில் அழுகலும் பகலில் வாட்டமும் ஒரே தொட்டியில் நிகழ்ந்தது இதனால்தான். அவர் சொன்ன இரண்டு காரணங்களும் பாதி உண்மை. இரண்டையும் உண்டாக்கியவர் அவரே.

கொடியின் தேர்வும் பொய்யாகவே அமைந்திருந்தது. தரையில் வைத்த தொட்டியிலிருந்து மேலே ஏறும் என்று சொல்லித் தந்தவற்றில் பாதி, கர்ட்டன் கிரீப்பர் எனப்படும் வெர்னோனியா வகை. அது உயரத்தில் நட்டால் கீழ்நோக்கித் தொங்கி மறைக்கும் செடி. பற்றிக்கொள்ளச் சுருளோ ஒட்டுவேரோ அதற்குக் கிடையாது. அதன் நீண்ட தண்டுகளைச் சட்டத்தில் பச்சை நூலால் கட்டி, ஏறியிருப்பது போலக் காட்டியிருந்தார்கள். நூலை அவிழ்த்ததும் எல்லாம் சரிந்து விழுந்தன.

கொடிகள் எல்லாம் ஒரே விதமாக ஏறுவதில்லை. சங்குப்பூ தன் தண்டாலேயே பிடிமானத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும். அதற்கு மெல்லிய கம்பியோ கயிறோ வேண்டும், அகலமான மரப்பலகையில் அதனால் சுற்ற முடியாது. பேஷன் ஃப்ரூட் பற்றுச்சுருள்களை வீசிப் பிடிக்கும். காகிதப்பூ முள்ளை ஊன்றிச் சாயுமே தவிர, நாம் கட்டாமல் நிமிராது. அத்தி இனக் கொடியான ஃபைகஸ் ப்யூமிலா சுவரில் வேர்விட்டு ஒட்டும். பிய்த்தால் சுவரின் வண்ணப்பூச்சும் கூடவே வரும். விற்பவரிடம் "இந்தக் கொடி எதைக் கொண்டு பிடிக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் திரை அமைத்துத் தருவதாகச் சொல்வதை நான் இனி நம்பப்போவதில்லை.

விரைந்து வளரும் என்ற பேச்சிலும் ஒரு சூது இருக்கிறது. வேகமாக ஓடும் கொடி வெளிச்சத்தைத் தேடி உச்சிக்கு ஓடி, அங்கே இலைக் குவியலை வைத்துக்கொண்டு, நாம் மறைக்க விரும்பிய இடத்தில் வெறும் தண்டை விட்டுவிடும். நுனிகளைக் கிள்ளி, தண்டுகளைப் பக்கவாட்டில் வளைத்துக் கட்டினால்தான் கீழிருந்து அடர்த்தி வரும். அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், விரைவில் திரை தருவதாகச் சொல்லும் வாக்குறுதி அதற்கு இடம் தராது. யூரியாவைக் கொட்டிப் பசுமையாக்கிக் கொண்டுவரும் செடிகளும் உண்டு. அவற்றின் தளிர்கள் மென்மையாக இருப்பதால் அசுவினி விரைவில் மொய்த்துவிடும்.

ஆகவே பணம் கொடுக்குமுன் தொட்டியின் ஓரத்தில் ஒரு குச்சியைச் செருகி, அது அடிவரை மண்ணில் இறங்குகிறதா, இடையில் எதிலாவது முட்டுகிறதா என்று பாருங்கள். மேல்மண்ணைச் சற்று விலக்கினால் பையின் விளிம்பு தெரிந்துவிடும். தண்டை மெதுவாக இழுத்துப் பார்த்து, கழன்று வருமானால் அது சமீபத்தில் ஊன்றிய போத்து, அதாவது வெட்டி நட்ட வெறும் தண்டு, என்று அறியலாம்.

நான் ஒளிப்படங்களைக் காட்டியபோது அவர் கொடிகளை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னார். தொட்டிகளைப் பற்றிப் பேச மறுத்தார். அதே ஒரு சாண் மண்ணில் வேறு கொடியை நட்டுப் பயனில்லை என்பதால் நான் ஒப்பவில்லை. பணம் இன்னும் திரும்பவில்லை. அவர் கொடுத்த ரசீதில் "பெரிய கொடி, தொட்டியுடன்" என்று மட்டுமே இருக்கிறது. செடியின் பெயரும், மண்ணின் அளவும், பட்டுப்போனால் மாற்றித் தரும் காலமும் எழுதப்படாததால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதையும் நிலைநாட்ட முடியாமல் இருக்கிறேன்.