11,800 ரூபாய் போச்சு: வீடு தேடி வரும் மெக்கானிக்கிடம் ஜாக்கிரதை

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி தூக்கமில்லை. அறுபது ரூபாய் ரப்பர் ட்யூபில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 11,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன். நீங்களும் மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல்; பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது அந்தக் கார்புரேட்டர்தான். 796 சிசி, மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டர் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் ஒரு மாதமாக இருந்தது ஆட்டமில்லை, குளிர்ஜுரம். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் உதறும். பச்சை விழுந்து ஆக்சிலேட்டரை மிதித்தால், ஒரு நொடி திக்கிவிட்டுத்தான் நகரும். திருச்சி ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னலில் இரண்டு தடவை நின்றே போனது. ஆனால் பைபாஸில் அறுபதில் போனால் ஒன்றும் தெரியாது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்தால் சிக்னலிலும் ஒழுங்காக ஓடும்.

லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பும் ஒரு ஆப்பில் புக் செய்தேன். வந்தவர் பானெட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வண்டியிலதான் சார் தொழிலே கத்துக்கிட்டேன். அப்பா நல்லா வச்சிருக்காரு" என்றார். அங்கேதான் விழுந்தேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா உள்ளே போய் அவருக்குக் காபி கலந்துகொண்டு வந்தார்.

சோக் விஷயத்தைச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டி, "கார்புரேட்டர் தேஞ்சுபோச்சு, புதுசுதான் போடணும். இப்பல்லாம் கிடைக்கிறதே கஷ்டம் சார், எனக்குத் தெரிஞ்ச இடத்துல ஒண்ணு இருக்கு" என்றார். 11,800 ரூபாய். மொத்தத்தையும் முன்பணமாகக் கேட்டார். யுபிஐயில் அனுப்பிவிட்டேன், ஆப் வழியாகக்கூட இல்லை, அவர் நம்பருக்கே!

வண்டியை எடுத்துப் போனவர் மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். அதே உதறல். போன் செய்தால், "புதுசு சார், இருநூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிரும்." ஓட்டினேன். "பெட்ரோல்ல எத்தனால் கலக்கிறாங்கல்ல, அதான்." அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆப்பில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் கணக்குக்கு வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரி. அதோடு சேவைக்கு ஸ்டார் போடச் சொல்லி ஒரு மெசேஜ்.

நேற்று பாலக்கரையில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் போனேன். முதலிலேயே போயிருக்கலாம், தெரிகிறது. சோக் இழுத்தால் சரியாகிறது என்றதுமே, "அப்ப எங்கயோ காத்து எடுக்குது தம்பி" என்றார். இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயில், மாட்டியிருந்த ஒரு வேக்கம் ஹோஸை, அந்த ரப்பர் ட்யூபை, விரலால் நசுக்கினார். உதறல் நின்றது. ஹோஸின் அடிப்பக்கம் காய்ந்து வெடித்திருந்தது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, இன்ஜின் இழுக்கிற காற்றே கொஞ்சம்தான், அதில் வெடிப்பு வழியாக வேறு காற்று புகுந்தால் பெட்ரோல் பற்றாமல் போய்விடுகிறது. சோக் இழுத்தால் பெட்ரோல் கூடுகிறது, சரியாகிறது. வேகத்தில் நிறையக் காற்று போவதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரிவதில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்றிருப்பேன். பாய் கார்புரேட்டரைக் குனிந்து பார்த்து, "இது புதுசுன்னு யார் சொன்னது?" என்றார். ஐடில் ஸ்க்ரூ திரும்பாமல் இருக்க எப்போதோ பாயே நெயில் பாலிஷ் வைத்திருந்தார். என் தங்கையுடையது, சிவப்பு. அது அப்படியே இருக்கிறது. பழையதையே வெளியே மட்டும் துடைத்து மாட்டியிருக்கிறான். 11,800 ரூபாய்!

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமையில்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வண்டியை விடும் முன் பானெட்டுக்குள் போட்டோ எடுங்கள். தனி நம்பருக்குப் பணம் போடாதீர்கள். பழைய வண்டி உதறினால், பெரிய செலவுக்கு முன்னால் ஹோஸ்களைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், ஃபேனில் கை பட்டுவிடாமல்.

நாளைக் காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசப் போகிறேன். அப்பா பானெட்டைத் திறந்து வைத்து எடுத்த பழைய போட்டோ ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதில் அந்தச் சிவப்புப் பொட்டு தெரியும். அம்மாவும் நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.