உள்தொடைச் சதையைக் கரைப்பதாகக் கூறும் இணைய வகுப்புகள்: ஓர் எச்சரிக்கை

“கருவி வேண்டாம், ஜிம் வேண்டாம், உங்கள் உடல் எடையே போதும், ஒரே மாதத்தில் உள்தொடைச் சதை கரைந்துவிடும்” என்ற இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்து, 3,500 ரூபாய் கட்டி ஓர் இணையப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டம் தருவதாக வாக்களித்தவர்கள், பணம் கைக்குப் போனதும், எல்லாருக்கும் பொதுவான காணொளிகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். வயது என்ன, பழைய காயம் உண்டா, பிரசவமாகி எவ்வளவு காலமாயிற்று என்று ஒரு கேள்விகூட வரவில்லை.

முதல் வாரத்திலேயே அவர்கள் கொடுத்தது கோபன்ஹேகன் பிளாங்க். ஒருக்களித்து முழங்கையை ஊன்றி, மேல்காலின் பாதத்தை நாற்காலியில் வைத்து, அந்த ஒற்றைக் காலின் உள்தொடை வலுவில் உடலைத் தூக்கி நிறுத்த வேண்டும். பயிற்சியில் குறையில்லை. நார்வே கால்பந்து அணிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த வீரர்களுக்குத் தொடையிடுக்குப் பிரச்சினைகள் வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால், பயிற்சி பெற்ற அந்த வீரர்களுக்கே மூன்று படிநிலைகள் வகுத்திருந்தார்கள். எங்களுக்கோ எடுத்த எடுப்பிலேயே கடைசிப் படி.

தொடையின் உட்பக்கம் இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் சுருக்கென்று பிடித்தது. அதன்பின் சம்மணமிட்டு உட்காரவும் முடியவில்லை, ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. குழுவில் கேட்டபோது, “வலித்தால் கொழுப்பு கரைகிறது என்று பொருள், நிறுத்தாதீர்கள்” என்று பதில் வந்தது. பணம் போனதைவிட இந்தப் பதில்தான் என்னை மிகவும் கொதிக்க வைக்கிறது. இதை நம்பித் தொடர்ந்து செய்பவர்களுக்குத் தசைநார் கிழியவும் கூடும். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பிறகு பார்த்த இயன்முறை மருத்துவர் தொடங்கியது வேறு இடத்தில். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அவற்றுக்கு இடையில் ஒரு தலையணையை வைத்து, வலி எழாத அளவுக்கு மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அது பழகியதும், ஒருக்களித்துப் படுத்துக் கீழ்க்காலை மெல்ல உயர்த்துவது; அதற்கும் பிறகே நாற்காலி, அதுவும் பாதத்தை அல்லாமல் முழங்காலை அதன்மேல் வைத்து. பாதம் தாங்கும்போது உள்தொடையின்மீது விழும் சுமை வெகுவாகக் கூடிவிடும் என்பதை அவர் தொட்டுக் காட்டி விளக்கினார். தொடைகளை ஒன்றுசேர்க்கும் ஐந்து தசைகளும் இவற்றால் வலுப்பெறும், ஆனால் அவற்றின் மேலுள்ள கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் தனியாகக் குறையாது என்றும் தெளிவாகச் சொன்னார். விளம்பரத்தின் அடிப்படையே பொய்.

அதே விளம்பரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் செலுத்திய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இப்படி ஏமாந்தவர்கள் குழுவிலிருந்து நீக்கப்படும் முன்பே உரையாடல்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.