பத்திக்குப் பத்தி எழுதுவதா, மூடிவைத்துவிட்டு எழுதுவதா?

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி 15 பக்கக் கட்டுரை. 300 சொல்லில் சுருக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் முதுகலையிலோ ஆய்விலோ இருப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியைப் பிடிப்பார்.

முதலாவது, பென்சிலோடு உட்கார்ந்து பத்திக்கு ஒரு வரி ஓரத்தில் எழுதி, கடைசியில் கோப்பது. எதுவும் விடுபடாது, சிக்கலே அதுதான். 45 பத்திக்கு ஒன்பது சொல் வீதம் போட்டாலே 405. மலைக்குக் காபி வந்த 1820களின் கதைக்கும், கட்டுரையின் முடிவுக்கும் ஒரே அளவு இடம். பள்ளியில் பழகிய ‘மூன்றில் ஒரு பங்கு’ கணக்கு இங்கே செல்லாது. 5,000 சொல்லை 300 ஆக்குவது வெறும் 6 சதவீதம். அதைவிட மோசம், மூலம் கண்ணெதிரே கிடப்பதால் ‘குறைவு’ என்பதைச் ‘சரிவு’ என்று மாற்றிவிட்டு, வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்திருப்போம். ஆசிரியர் பெயரும் வெளியான ஆண்டும் போட்டாலும் அது நகல்தான். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டி 40க்குள் இருந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018ஆம் ஆண்டு விதிப்படி திருத்தித் தரச் சொல்வார்கள்.

இரண்டாவது, இருமுறை படித்து, மூடிவைத்து, நான்கே கேள்விக்கு விடை எழுதுவது: ஆசிரியர் எதைக் கேட்கிறார், என்ன விடை சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், எந்த எல்லைக்குள்? நினைவில் தங்குவது வாதம் மட்டுமே என்பதால் நடை தானாகவே நம்முடையதாகிவிடும். வழுக்குவது அந்த நான்காவது கேள்வியில். ‘ஆய்ந்த 12 தோட்டங்களில்’ என்று அவர் எழுதியது நம் கையில் ‘சேர்வராயன் மலையில்’ என்று, ஏற்காட்டு மலை முழுவதற்குமாக ஊதிப்போகும். நம் கருத்தும் சத்தமில்லாமல் நுழையும்.

வாதக் கட்டுரைக்கு மூடிவைப்பதே மேல். மாக்னசைட் சுரங்க மண் ஆய்வு போல அட்டவணையாக வரும் அறிக்கைக்கு மட்டும் பத்திக் குறிப்பு; அங்கே நினைவை நம்பினால் எண்கள் இடம் மாறும்.

எழுதி முடித்ததும் மூலத்தைத் திறந்து எண், எல்லை, பெயர்-ஆண்டு மூன்றை மட்டும் சரிபாருங்கள். சுருக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயரும் மையக் கருத்தும் வரவேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் ‘கூறுகிறார்’ வேண்டாம். ஊகத்துக்குக் ‘கருதுகிறார்’, தரவுக்குக் ‘காட்டுகிறார்’. சொல் 300ஐத் தாண்டினால் முதலில் உதாரணங்களை வெட்டுங்கள், அடுத்துப் பின்னணியை. ‘12 தோட்டங்கள்’ கடைசிவரை இருக்கட்டும்.