குற்றவியல் நீதி அறிமுக வகுப்பு: நடுவில் உள்ள நான்கு வாரங்களுக்காகச் சேரலாம்

இந்த வகுப்பில் கொடுத்த காசுக்கு மதிப்பு இருப்பது நடுவில் வரும் நான்கு வாரங்களில்தான். முன்னால் வருவது காவல்துறை வரலாறு, பின்னால் வருவது சிறைச்சாலை வரலாறு. இரண்டையும் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்தே தெரிந்துகொள்ளலாம். ஒருவரைக் கைது செய்வதற்கும் தண்டனை அறிவிப்பதற்கும் இடையில் அமெரிக்க நீதிமன்றத்தில் என்னதான் நடக்கிறது என்று சொல்லும் அந்த நான்கு வாரங்களை மட்டும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

நியூ ஜெர்சியில் ஒரு கவுண்டி, அதாவது மாவட்டக் கல்லூரி நடத்தும் மாலை வகுப்பு இது. கட்டணமும் பாடப்புத்தகமும் சேர்ந்து 700 டாலரை ஒட்டி வந்தது. குடியுரிமை வாங்கியாயிற்று, இனி எந்த நேரமும் ஜூரி அழைப்பு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார அழைப்பு, வரும் என்று நண்பர்கள் பயமுறுத்தியதால் சேர்ந்தேன். வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். வரிச் சட்டத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஆசிரியர் பப்ளிக் டிஃபெண்டராக, அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடுபவராக, பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் வாரங்கள் இழுவை. ஊருக்கு ஒன்று, கவுண்டிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்குக்கூட ஒன்று என்று நாட்டில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்று மேலதிகாரி இல்லை. இதை ஒரே மணி நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று காவலர் சொல்லும் மிராண்டா எச்சரிக்கை பற்றிய பாடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கைது செய்ததும் அதைப் படித்துக் காட்டாவிட்டால் வழக்கே போய்விடும் என்று பலரும் நினைக்கிறோம். காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் அது கட்டாயம். சொல்லத் தவறினால் வாக்குமூலம்தான் சாட்சியத்திலிருந்து விலக்கப்படும், வழக்கு அப்படியே நிற்கும். 1966இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற எர்னெஸ்டோ மிராண்டாவே மறுவிசாரணையில், அந்த வாக்குமூலம் இல்லாமலேயே, மீண்டும் குற்றவாளி என்று தீர்ப்பானார்.

அடுத்து அந்த நான்கு வாரங்கள். தண்டனை பெறுபவர்களில் பெரும்பாலோர் விசாரணையையே பார்ப்பதில்லை. மத்திய நீதிமன்றங்களில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்த தண்டனைகள் என்று உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறது. சாட்சி, குறுக்கு விசாரணை, பன்னிரண்டு ஜூரிகள் என்று நாம் எதை வழக்கு என்று நினைக்கிறோமோ அது மிச்சமிருக்கும் சிறுபான்மைக்குத்தான்.

இப்படி ஒப்புக்கொள்ள வைக்க அரசுத் தரப்பு தண்டனையை வைத்துப் பேரம் பேசுகிறது. அந்தப் பேரம் எப்படி நடக்கும் என்பதற்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டது கென்டக்கி மாநிலத்து ஹேய்ஸ் வழக்கு. 88 டாலர் 30 சென்ட்டுக்கு ஒரு போலிக் காசோலை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து ஆண்டு கேட்கிறேன், மறுத்தால் பழைய தண்டனைகளையும் சேர்த்து திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்ற பிரிவைப் போடுவேன் என்றார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். ஹேய்ஸ் மறுத்தார், ஆயுள் தண்டனை கிடைத்தது. அரசியலமைப்பின்படி இதில் தவறில்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு சொன்னது. அதிகாரம் நீதிபதியின் மேடையில் இருக்கிறது என்று நினைத்திருந்தவன் நான். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தீர்மானிக்கும் மேசையில்தான் அது இருக்கிறது. 88 டாலர் கணக்கில் விடுபட்டிருந்தால் நான் வாடிக்கையாளருக்கு ஒரு திருத்தப் படிவம் அனுப்புவேன், அவ்வளவுதான்.

வகுப்பிலேயே உருப்படியான பொருள் எது என்றால், நியூ ஜெர்சி நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்பவர் நிரப்பும் படிவத்தின் நகல். பக்கம் பக்கமாகக் கேள்வி. ஆம், இல்லை என்பதில் ஒன்றை வட்டமிட வேண்டும். ஜூரி விசாரணை உரிமையை விட்டுக்கொடுப்பது தெரியுமா? எதிர்சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமையை? அதிலேயே குடியுரிமை பற்றிய கேள்வியும் இருக்கிறது. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் சிறை போகாமல் தப்பினால் போதும் என்று கையெழுத்துப் போட்டால், அந்தக் கையெழுத்தே நாடு கடத்தலில் கொண்டுபோய் விடலாம். அந்த ஆபத்தை வக்கீல் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு படில்லா தீர்ப்பு. நம்மவர்கள் சங்கக் கூட்டங்களில் பேச வேண்டிய விஷயம் இது. நாம் பள்ளி மாவட்டத் தரவரிசையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குறை சொல்வதென்றால் பாடப்புத்தகத்தைத்தான் சொல்ல வேண்டும். ஜாமீன் என்றாலே பணம் கட்டுவது, இல்லாதவர் முகவருக்குப் பத்து சதவீதம் கொடுத்து வெளியே வருவது என்று நாடு முழுவதற்கும் ஒரே கதையாக எழுதியிருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் 2017 ஜனவரி முதல் பண ஜாமீன் கிட்டத்தட்ட இல்லை. மீண்டும் ஆஜராவாரா, வெளியே விட்டால் ஆபத்தா என்று எடை போட்டு நீதிபதி முடிவு செய்கிறார். அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். இணையத் தேர்வோ புத்தகத்தில் உள்ளபடி எழுதினால்தான் மதிப்பெண் தந்தது! கல்லூரி அலுவலகத்துக்கு எழுதினேன். கேள்விகள் பதிப்பகத்திலிருந்து வருகின்றன, எங்கள் கையில் இல்லை என்று பதில் வந்தது.

சிறைப் பகுதியில், விசாரணைக் கைதிகளும் குறுகிய தண்டனைக்காரர்களும் இருக்கும் உள்ளூர்ச் சிறை வேறு, நீண்ட தண்டனைக்கான மாநிலச் சிறை வேறு என்பதைத் தவிர மனதில் ஒன்றும் தங்கவில்லை. பாஸ்டன் செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸ் 1841இல் ஒரு குடிகாரரைத் தன் பொறுப்பில் விடுவித்துக் கொண்டுபோனதில் இன்றைய புரோபேஷன் முறை, அதாவது சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வெளியே விடும் முறை, தொடங்கிய கதை நன்றாக இருந்தது. அதையும் ஆசிரியர் அவசரமாக ஓட்டிவிட்டார்.

ஒரு காலைப் பொழுது நீதிமன்றத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதி வருவது வீட்டுப்பாடம். யார் வேண்டுமானாலும் போகலாம், அனுமதிச் சீட்டு தேவையில்லை. வகுப்பில் சேராதவர்களும் இதைச் செய்யலாம்.

அடுத்த பருவத்தில் இதே வகுப்பை வேறொருவர் எடுக்கிறாராம். பணம் கட்டுவதற்கு முன் அவர் எங்கே வேலை பார்த்தவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் என்றால் சேருங்கள். புத்தகத்தைப் பழைய பதிப்பாகவே வாங்கலாம். ஜாமீன் பக்கத்தை எப்படியும் அடிக்கத்தான் போகிறீர்கள்.