நூறு டைவுக்குப் பிறகு எது மிஞ்சும்? சிக்கனமான முதல் ஸ்கூபா செட்

ஸ்கூபா (சிலிண்டர் காற்றோடு நீருக்கடியில் நீந்துவது) பயிற்சி முடிந்து சான்றிதழ் அட்டை கைக்கு வந்த வாரமே முழு செட்டையும் வாங்கிவிடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். பயிற்சியில் போட்ட நான்கைந்து டைவில் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று பிடிபட்டிருக்காது. தவிர, எந்தப் பொருள் மலிவு என்பது கடையில் தெரியாது. இரண்டாவது சர்வீஸில்தான் தெரியும். இங்கே சொல்வது மூன்று நான்கு வருடம், நூறுக்கு மேல் டைவ், உப்புத் தண்ணீரில் அடிபட்ட பொருட்களைப் பற்றி.

முதலில் மாஸ்க். இதில் விலையைப் பார்க்கவே வேண்டாம், மூஞ்சிக்குப் பொருந்துவதுதான் கணக்கு. வாரை முன்பக்கம் மடித்துவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுங்கள். ஒட்டி நின்றால் சரி. பலமாக உறிஞ்சினால் எந்த மாஸ்க்கும் நிற்கும், அது சோதனையே இல்லை. பிறகு வாயில் மவுத்பீஸைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை செய்து பாருங்கள். கடிக்கும்போது கன்னம் இழுபடும்; அதுவரை பொருந்திய மாஸ்க் மேலுதட்டுப் பக்கம் இடைவெளி விடும். மீசை இருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணாடி டெம்பர்ட் (வலுவூட்டியது) ஆகவும் ஓரம் சிலிக்கானாகவும் இருந்தால் போதும். புது மாஸ்க்கின் உள்கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும், பனிமூட்டம் அதனால்தான் வருகிறது. வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று நான்கு தடவையாவது. கறுப்பு ரப்பரோடு ஒட்டி வைத்தால் வெள்ளைச் சிலிக்கானில் கறை ஏறும், அது போகாது. கறுப்புச் சிலிக்கானில் இந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடம்பில் ஏறும் நைட்ரஜனைக் கணக்கிடும் கருவி. ரெகுலேட்டருக்கு (சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அழுத்தத்தில் தரும் கருவி) முன்பே இதை வாங்கலாம் என்பது எங்கள் கட்சி. வாடகை ரெகுலேட்டர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறினால் பெரிய பாதகமில்லை; கம்ப்யூட்டர் மாறினால் முந்தைய டைவில் உடம்பில் ஏறிய நைட்ரஜன் கணக்கு அதற்குத் தெரியாது. இருவர் ஒன்றைப் பகிர்வதும் இதே காரணத்தால் தவறு. தொடக்க மாடலே போதும்: நைட்ரோக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்று) வசதி, பெரிய எண்கள், பயனரே மாற்றக்கூடிய பேட்டரி. சிஆர்2450, சிஆர்2430 போன்ற சாதாரண வட்ட பேட்டரி போடும் மாடல் என்றால் பயணத்தின் நடுவே நின்றுபோனாலும் சமாளிக்கலாம். அறையில் பேட்டரி முக்கால்வாசி காட்டும், குளிர்ந்த தண்ணீரில் பின்விளக்கைப் போட்டதும் வோல்டேஜ் சரிந்து திரை அணையும். அதனால் நீண்ட பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு வரும் அளவுக்குத்தான், அப்பக் கூடாது.

ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பற்றிச் சொல்ல அதிகமில்லை. பூட்ஸோடு போடும் திறந்த குதிகால் ஃபின் வாங்குங்கள். ரப்பர் வாருக்குப் பதில் ஸ்டீல் ஸ்பிரிங் வார் போட்டுவிட்டால் வார் அறும் கவலை முடிந்தது. ஃபினை நுனியில் நிறுத்தி வைத்தால் வளைந்துபோகும்.

வெட்சூட் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. சூட்டின் நியோப்ரீன் ரப்பரில் இருக்கும் வாயுக்குமிழிகள் ஆழத்தில் சுருங்கும், மேலே வந்ததும் விரியும். ஆண்டுக்கணக்கில் இப்படி அமுங்கி அமுங்கிப் பழைய தடிமனுக்குத் திரும்பாது. சூட் மெலிய மெலிய மிதப்பு குறையும், சூடும் குறையும். மூழ்குவதற்காக முதல் வருடம் கட்டிய ஈய எடை மூன்றாம் வருடம் அதிகப்படி. ஆகவே எடைச் சோதனையை வருடம் ஒருமுறையாவது செய்யுங்கள்: சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அலகு) இருக்கும்போது, பிசிடி (காற்றேற்றி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) காற்றை முழுக்க விட்டுவிட்டு, சாதாரணமாக மூச்சைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றால் தண்ணீர் மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு செய்தால் கணக்கு பிழைக்கும். 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வருவதற்குள் ஏறக்குறைய 2 கிலோ காற்றை மூச்சுவிட்டே தீர்த்திருப்பீர்கள்.

இனி ரெகுலேட்டர். மலிவு என்று வாங்கிப் பலர் ஏமாறுவது இதில்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல: இந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் (மாற்றுப் பாகத் தொகுப்பு) கிடைக்குமா, அதைப் பிரித்துப் பழகிய டெக்னீஷியன் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டரில் மாட்டும் பகுதி), செகண்ட் ஸ்டேஜ் (வாயில் கடிக்கும் பகுதி), ஆக்டோபஸ் (உதிரி செகண்ட் ஸ்டேஜ்) என்று ஒவ்வொரு சர்வீஸிலும் மூன்று கிட் செலவாகும். இணையச் சந்தையில் பெயர் தெரியாத பிராண்டு ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கும், நன்றாகவே மூச்சும் விடும். உள்ளே காற்றை அடைக்கும் சீட் தேய்ந்த நாளில் மாற்றுப் பாகம் இல்லாமல் அது வெறும் பித்தளைக் கட்டி.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் எளிய வகையான, பேலன்ஸ் செய்யாத பிஸ்டன் மாடலை மட்டமாகப் பேசுவார்கள். 18 மீட்டருக்குள் டைவ் செய்யும் புதியவருக்கு அது தாராளம். அசையும் பாகம் கொஞ்சம், ஓ-ரிங்கும் கொஞ்சம், பழுதும் கொஞ்சம். சிலிண்டர் அழுத்தம் 50 பாருக்குக் கீழே போகும்போது மூச்சு சற்றுக் கனக்கும், அவ்வளவுதான். குளிர்நீருக்கு மட்டும் இது வேண்டாம். ஐரோப்பிய ஈஎன்250 (ரெகுலேட்டர் தரநிலை) முத்திரையோடு ‘10 டிகிரிக்கு மேல்’ என்ற குறியும் இருந்தால் குளிர்நீருக்கானது அல்ல என்று அர்த்தம். சிலிண்டரில் பொருத்தும் முறை யோக்கா (கவ்விப் பிடிப்பது) டின்னா (திருகிப் பொருத்துவது) என்றால் டின் வாங்கி, யோக் அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடாப்டரைத் திருகினால் அது யோக் சிலிண்டரிலும் உட்காரும்.

ரெகுலேட்டர் கெடுவது பெரும்பாலும் கடலில் அல்ல, கழுவும் தொட்டியில். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை அடைக்கும் தூசி மூடியின் உள்ளே நிற்கும் நாலு துளித் தண்ணீர் மூடும்போது நேராக ஃபில்டருக்குப் போகும். துணியால் துடைத்த பிறகே மூடுங்கள். தொட்டியில் ஊறும்போது செகண்ட் ஸ்டேஜின் பர்ஜ் பட்டனை (காற்றைப் பீய்ச்சும் பொத்தான்) அழுத்தினால் வால்வு திறந்து, ஹோஸ் வழியாகத் தண்ணீர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை ஏறும். சிலிண்டரில் மாட்டி அழுத்தம் ஏற்றியபடியே கழுவினால் இந்தப் பயமே இல்லை.

பிரஷர் கேஜ் ஹோஸோடு சேரும் இடத்தில் கடுகளவு குமிழி வரிசையாக வருவதைப் பார்க்கலாம். உள்ளே சின்னக் குச்சி போன்ற ஸ்பூலும், அதில் இரண்டு பொடி ஓ-ரிங்கும் உண்டு, அவை தேய்ந்திருக்கின்றன. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், டைவை நிறுத்தவும் வேண்டாம், ஆனால் அன்று மாலையே ஸ்பூலை மாற்றுங்கள். காசு பெறாத பாகம் இது, உதிரியாக இரண்டு வைத்திருக்கலாம்.

பிசிடியில் முதலில் மக்கர் செய்வது காற்றேற்றும் இன்ஃப்ளேட்டர் பட்டன். உப்பு படிகமாகி ஒட்டிக்கொண்டால் தானாகவே காற்று ஏறிக்கொண்டிருக்கும். அப்போது பட்டனோடு மல்லுக்கட்டாமல் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். கையுறையோடு கழற்றிப் பழகுங்கள். பிசிடியின் காற்றுப் பைக்குள்ளேயும் கடல்நீர் புகும். இன்ஃப்ளேட்டர் வாய் வழியாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, காற்றை வெளியேற்றும் அடிப்பக்க டம்ப் வால்வு வழியே வடித்து, காற்றடைத்த நிலையில் நிழலில் காயவிடுங்கள். எடைப் பை உள்ளிணைந்த மாடல்களில் பையின் கிளிப்தான் பலவீனம். கிளிப் விட்டால் ஈயம் கடலுக்கு, நீங்கள் மேலுக்கு.

பழைய ரெகுலேட்டர் வாங்குவதாக இருந்தால் நான்கு சோதனை. தூசி மூடியை இறுக்கிவிட்டு செகண்ட் ஸ்டேஜில் மெதுவாக உறிஞ்சுங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், வெளியேற்று வால்வு மடங்கியிருக்கலாம், மவுத்பீஸில் கட்டுக்கு அடியில் ஓட்டையும் இருக்கலாம். இரண்டாவது, ஹோஸ்களின் உறையைப் பின்னுக்கு இழுத்து, முனையில் ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூன்றாவது, காற்று நுழையும் வாயில் இருக்கும் ஃபில்டர். சாம்பல் நிறம் நல்லது, பச்சை என்றால் தண்ணீர் போயிருக்கிறது, செம்பழுப்பு என்றால் யாரோ ஒருவருடைய ஸ்டீல் சிலிண்டரின் துரு. கடைசியாக, சிலிண்டரில் மாட்டி, பிசிடி ஹோஸில் இன்டர்மீடியட் பிரஷர் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் தரும் இடைநிலை அழுத்தம்) கேஜைச் செருகுங்கள். பெரும்பாலான மாடல்களில் 9 முதல் 10 பாருக்குள் முள் நிற்கும். பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். முள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஹை பிரஷர் சீட் தேய்ந்துவிட்டது. முழு சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மூடியைத் துடைத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.