மூணு வருசமா ஆன்லைன்ல ஆடியோ சிடி வாங்குறேன்: பாட்டு முழுசா வருது, கேஸ் ஒடைஞ்சு வருது

போன வாரம் சிடி பிளேயர இங்க மதுரையில டவுன்ஹால் ரோடு பக்கம் ரிப்பேர் பாக்குற அண்ணன் ஒருத்தர்ட்ட குடுத்திருந்தேன். ஒரு மாசமா எந்த சிடிய போட்டாலும் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், அப்புறம் நோ டிஸ்க்னு காட்டும், சிலது நாலாவது டிராக்ல போயி டக்கு டக்குனு குதிக்கும். அப்பதான் புதுசா மூணு சிடி வாங்கிருந்தேன், அதனால சிடி மேலயே பழிய போட்டு கடைக்காரருக்கு போன் பண்ணி சத்தம் போட்டுட்டேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல, சரி சார்னு சொல்லி மூணுக்கும் மாத்து சிடி அனுப்பிட்டாரு. அதுவும் ஓடல. அதுக்கப்புறம்தான் பிளேயர தூக்கிட்டுப் போனேன். அண்ணன் மூடிய கழட்டி லென்ஸ தொடச்சுப் பாத்தாரு, கேக்கல, "பிக்கப்பே (சிடிய படிக்கிற லேசர் பாகம்) வீக் ஆயிருச்சு தம்பி, மாத்துனாத்தான் ஆகும்"னு சொல்லி வேற போட்டாரு, கூலியோட 900 ரூவா. வீட்டுக்கு வந்து மொத மூணு சிடியையும் போட்டா ஒரு எடத்துல கூட நிக்காம ஓடுது. அன்னைக்கு ராத்திரியே கடைக்காரருக்கு விசயத்த சொல்லி, மன்னிப்பு கேட்டு, மாத்து சிடிக்கும் காசு போட்டுவிட்டேன்.

ஆனா ஒண்ணு. அந்த ஆறு சிடியில அஞ்சுக்கு கேஸ், அதான் சிடி வைக்கிற பிளாஸ்டிக் டப்பா, ஒடைஞ்சுதான் வந்துச்சு. அதுக்கு பிளேயர் காரணம் இல்லையே.

ஏன் ஆன்லைன்ல வாங்குறேன்னு மாப்ள ஒருத்தன் கேட்டான், அதுக்கும் இதுலயே பதில் சொல்லிர்றேன். இங்க கேசட்டு சிடி வித்த கடையில எனக்கு தெரிஞ்சதெல்லாம் இப்ப மொபைல் கவரும் சார்ஜரும் விக்கிது. மிச்சம் இருக்க ஒண்ணு ரெண்டுலயும் பக்திப்பாட்டு எம்பி3 சிடிதான் கெடைக்கும், நான் கேக்குறது கர்நாடக சங்கீதமும் நாதஸ்வரமும், அதுலயும் ஆடியோ சிடி. பெரிய ஆன்லைன் கடையில தேடுனா ஒரு சிடிக்கு எவனோ 1,400 ரூவா வெல போட்டு வச்சிருக்கான். அப்படித்தான் சென்னையில ஒத்த ஆளா நடத்துற இந்த சின்ன கடை கெடைச்சுச்சு. வெப்சைட் பாக்க பழசா இருக்கும், ஸ்டாக் இருக்குன்னு போட்டிருக்கும் ஆனா இருக்காது, வாட்ஸாப்ல கேட்டுட்டுதான் ஜிபேல காசு போடணும். பெரும்பாலும் ஒரு சிடி 150லேர்ந்து 300 ரூவாக்குள்ள முடிஞ்சிரும், தபால் செலவு தனி. மூணு வருசத்துல நாப்பது சிடிக்கு மேல வாங்கிட்டேன்.

அவரு யாவாரம் பண்ற விதம் வேற. எங்கப்பா, கர்நாடக சங்கீதம் பாடுன மதுரை சோமு கச்சேரிய திருவிழா பந்தல்ல மண்ணுல உக்காந்து கேட்டவரு. சோமு 1989லயே போயிட்டாரு, நான் பாத்ததில்ல, அப்பா சொல்லக் கேட்டதுதான். அந்த நெனப்புல சோமு சிடி ஒண்ண ஆர்டர் போட்டா, கடைக்காரரு அவரே கூப்பிட்டு, "சார் நீங்க எடுத்தது ஸ்டுடியோவுல பாடுனது, நல்லாத்தான் இருக்கும், ஆனா சோமுவ கேக்கணும்னா கூட்டத்துக்கு முன்னாடி பாடுனத கேக்கணும், லைவ் ஒண்ணு இருக்கு, ரெண்டு சிடி செட்டு, சவுண்டு கொஞ்சம் கரகரன்னு இருக்கும், பரவால்லயா"ன்னு கேட்டாரு. எந்த ஆப் இத கேக்கும் சொல்லுங்க. அந்த செட்ட அப்பாவுக்கு போட்டுவிட்டேன். மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்தப்ப எந்திரிச்சு போயிருவாருன்னு நெனச்சேன், அசையல, தொடையில தாளம் போட்டுக்கிட்டே கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாரு. கடம் வாசிச்சவர் பேரு என்னன்னு கேட்டாரு, கேஸுக்குள்ள வச்சிருக்க அச்சடிச்ச அட்டை, இன்லே கார்டும்பாங்க, அத எடுத்து படிச்சு சொன்னேன்.

அந்த இன்லே கார்டுதான் எனக்கு பெரிய விசயம். போன்ல கேட்டா பாடுனவர் பேரோட சரி. வயலின் யாரு, மிருதங்கம் யாரு, நாதஸ்வரம்னா தவில் யாருன்னு தேடுனாலும் கெடைக்காது. தில்லானா மோகனாம்பாள் படத்துக்கு (1968) நாதஸ்வரம் வாசிச்சது நம்ம ஊரு சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள்னு இங்க நெறைய பேருக்கு தெரியும், ஆனா அவங்க தனியா வாசிச்ச ஒரு ரெக்கார்டிங்க போன்ல கேட்டுட்டு தவில் யாருன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணிப் பாருங்க. சிடியில பின்னாடி அட்டையில ராகம், தாளம், யாரு இயற்றுனது, எத்தன நிமிசம்னு எல்லாம் வரிசையா இருக்கும். அப்புறம் ராகம் தானம் பல்லவி, கச்சேரியில மூணையும் ஒண்ணா சேத்து நீளமா பாடுறது. போன்ல அத மூணு டிராக்கா வெட்டி வச்சிருக்கான், காசு கட்டலன்னா ராகம் முடிஞ்சு தானம் ஆரம்பிக்குற எடத்துல சிமெண்ட் வெளம்பரம் வருது. சிடியிலயும் மூணு டிராக்தான், ஆனா நடுவுல வெட்டு தெரியாது, தம்புரா சத்தம் அறாம ஓடும். ஒரு சிடியில 74லேர்ந்து 80 நிமிசந்தான் புடிக்கும், அதனால ரெண்டர மணி நேர கச்சேரின்னா ரெண்டு சிடி, நடுவுல எந்திரிச்சு மாத்தணும். அது எனக்கு கஷ்டமாவே தெரியல, அந்த கேப்புலதான் எங்க வீட்ல காப்பி.

இம்புட்டு நல்லது பண்ற மனுசன் ஏன் ஒரு அட்டப்பொட்டி போட மாட்டேங்கிறாரு?

சிடி கேஸ்ங்கிறது எளக்கமான பிளாஸ்டிக் இல்ல, கண்ணாடி மாதிரி விரியிற சாமான். நடுவுல வட்டமா சின்ன சின்ன பல்லு இருக்கும், அதுதான் சிடிய புடிச்சு வைக்கும். மூடியில ரெண்டு காது இருக்கும், அதுலதான் மூடி தொங்கும். இவரு வெறும் பிளாஸ்டிக் கூரியர் கவர்ல ஒரு சுத்து பபிள் ஷீட் சுத்தி அனுப்புறாரு. போஸ்ட்மேன் குடுக்கும்போதே தெரிஞ்சிரும், கைல வாங்கி லேசா ஆட்டுனா கடகடன்னு சத்தம் வரும், அது பல்லு ஒடைஞ்சு உள்ள உருளுற சத்தம். காது போனாக்கூட ரப்பர் பேண்ட் போட்டு வச்சுக்கலாம். பல்லு போனா அந்த துண்டு சென்னையிலேர்ந்து மதுரை வரைக்கும் சிடி மேல தேச்சுக்கிட்டே வருது.

கீறல்ல வகை இருக்கு. மையத்துலேர்ந்து வெளிய நேரா விழுந்த கீறல பிளேயர் சமாளிச்சுக்கும், ஏன்னா சிடியில தவற சரி பண்ற கணக்கும் சேத்தே பதிஞ்சிருக்காங்க, டிராக்ல ரெண்டர மில்லிமீட்டர் வரைக்கும் விட்டுப்போனாலும் நெரப்பிக்கும். அதே கீறல் வட்டமா டிராக் போற போக்குலயே விழுந்துச்சுன்னா அம்புட்டுதான், வரிசையா எல்லாம் போயிரும். இதனாலதான் தொடைக்கும்போதும் வட்டமா தொடைக்கக்கூடாது, நடுவுலேர்ந்து வெளிய பாத்து இழுக்கணும். இன்னொன்னு, படம் அச்சடிச்ச மேல் பக்கத்துலதான் ஆபத்து ஜாஸ்தி. அடிப்பக்கம் ஒண்ணேகால் மில்லிமீட்டர் கிட்ட பிளாஸ்டிக் இருக்கு, மேல அச்சுக்கு கீழ மெல்லிசா ஒரு வார்னிஷ், அதுக்கு கீழயே அலுமினியம். அது பேந்துச்சுன்னா எந்த பாலிஷும் காப்பாத்தாது. எனக்கு அப்படி ஒரு நாதஸ்வர சிடி போயிருச்சு, வெளிச்சத்துல புடிச்சா குண்டூசி ஓட்டை மாதிரி தெரியும், மறு பிரதி அவர்ட்டயும் இல்ல.

கேஸ் தனியா வாங்கிக்கலாமேன்னு சொல்லுவீங்க. மீனாட்சி பஜார்ல ஆரம்பிச்சு அலைஞ்சு பாத்துட்டேன், ஸ்லிம் கேஸ்தான் இருக்குங்கிறாங்க. அதுல பின் அட்டைய வைக்க எடம் கெடையாது, பக்கவாட்டுல பேரு தெரியாது. அலமாரியில அடுக்குனா எது எதுன்னே தெரியல, அப்பா ஒவ்வொண்ணா உருவிப் பாக்குறாரு.

இத அவர்ட்ட எட்டு தடவையாச்சும் சொல்லிருப்பேன். "அடுத்த தடவை பாத்துக்குறேன் சார்"னு சொல்லுவாரு, ஒரு தடவை செஞ்சாரு, ரெண்டு பக்கமும் அட்டை வெட்டி வச்சு, ஒரு கீறல் இல்லாம வந்துச்சு, அம்புட்டு சந்தோசம் எனக்கு. அதுக்கு அடுத்த பார்சல் மறுபடியும் கடகட. அவரு பக்கமும் கொஞ்சம் நாயம் இருக்கு, 2025 செப்டம்பர்ல ரிஜிஸ்டர் தபால ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, எடை கூடுனா காசு கூடும், ஒரு சிடியில அவருக்கு நிக்கிறதே 30, 40 ரூவான்னு ஒரு தடவை சொன்னாரு. நான்தான் சொல்லிட்டேனே, பேக்கிங்குக்கு தனியா 40 ரூவா வாங்கிக்கங்கன்னு. காச வாங்கிக்கிட்டு அதே கவர்லயே அனுப்புனா கோவம் வருமா வராதா.

வேற கடைக்கு மாறிப் பாத்தேன். பேரு வேணாம். பொட்டி பிரமாதமா வந்துச்சு, தெர்மகோல் எல்லாம் வச்சு. உள்ள பாத்தா சிடியோட அடிப்பக்கம் பச்சை கலந்த நெறம். கம்பெனியில அச்சுல அடிச்ச சிடின்னா அடியில வெள்ளி மாதிரி இருக்கும், நடு வளையத்துல குட்டியா நம்பர் வெட்டியிருக்கும். இது கம்ப்யூட்டர்ல எழுதி எடுத்த காப்பி, மேல கலர் பிரிண்ட் ஒட்டியிருக்கான். ஸ்டாக் தீந்து போயி கம்பெனியே அப்படி எழுதி குடுக்குறது உண்டு, அத சொல்லிட்டு வித்தா தப்பில்ல. ஒரிஜினல்னு சொல்லி 350 ரூவா வாங்கிட்டு இத அனுப்புனான், கேட்டா பதிலே இல்ல. கேஸ் மட்டும் ஒரு சேதாரமில்லாம பளபளன்னு இருக்கு, நம்ம சென்னைக்காரரு அனுப்புன சோமு சிடிய இப்ப அதுலதான் வச்சிருக்கேன்.

அதனால மாப்ள, உனக்கு நம்பர் அனுப்புறேன், தைரியமா வாங்கு, இந்த பாட்டெல்லாம் இம்புட்டு தெரிஞ்ச ஆளு ஒனக்கு வேற எங்கயும் கெடைக்க மாட்டாரு. நேத்து அவரே மெசேஜ் போட்டிருந்தாரு, மதுரை மணி ஐயர் கச்சேரி ஒண்ணு வந்திருக்கு, ஒரே காப்பி, எடுத்து வைக்கவான்னு. பேக்கிங்க போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு காசு போடுறேன்னு சொல்லிட்டேன். இன்னும் போட்டோ வரல, நானும் காசு போடல.